பொறியியற் கல்வியும் பட்டறைத் தமிழும்

பொறி என்னும் சொல் நந்தமிழில் இருபொருள் பயந்து நிற்கின்றது. மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தனையும் ஐம்பொறி என்கின்றோம். மனிதன் தன் அறிவால் இயற்றிய கருவியையும் பொறி என்றே வழங்குகின்றோம். மதுரை மதிலின்மேற் பகைவரைத் தாக்குதற்கு அமைந்திருந்த பொறிகளைச் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை நிரல்படக் கூறுகின்றது. உடம்பின் வாயிலும் உலோகக் கருவியும் ஒரே சொல்லாற் குறிக்கப்படுதல் தற்செயலாக நேர்ந்திருக்கலாம். ஆயினும் அதன்கண் ஓர் உண்மை பொதிந்து கிடக்கின்றது. கண்ணாலும் செவியாலும் கையாலும் பயிலாதவன் பொறியை அறிந்தவன் ஆகான் என்பதே அது. அவ்வுண்மையை நம் பொறியியற் கல்வி மறந்துவருகின்றது என்பதும், அம்மறதிக்கு மொழியும் ஒரு காரணம் என்பதும் என் கருத்து. அதனைச் சான்றோடு கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் இலக்கணமும் காப்பியமும் கற்கும் யான் பொறியியற் கல்வியைப் பற்றிக் கருத்துரைக்கப் புகுதல் நண்பர் சிலர்க்கு நகைப்பை விளைக்கக்கூடும். "உனக்கு ஏன் இந்த இரும்புக்கடை?" என்று விடுதித் தோழர் ஒருவர் கேட்டும் விட்டார். அன்னார்க்கு யான் கூறும் விடை இதுவே: எம்முடையது இரும்பால் உண்டு வளர்ந்த குடும்பம். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில், அவ்விரும்பைப் பற்றித் தந்தையும் மகனும் பேச முயன்று பேசமாட்டாது நின்ற காட்சி ஒன்றைக் கண்டேன். அவர்களிடையே குறைந்திருந்தது அறிவன்று, சொல். சொல்லின் குறை தமிழ் மாணவர்க்கும் உரிய கவலையே அன்றோ?

அக்காட்சியைக் கூறுமுன் அது நிகழ்ந்த நிலத்தைக் கூறுதல் வேண்டும். சென்னையினின்று இரண்டு இருப்புப்பாதைகள் திருவள்ளூர் மாவட்டத்துட் செல்கின்றன. மேற்கே செல்வது அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் வழியாகத் திருவள்ளூரை அடையும். வடக்கே செல்வது எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டியை அடைந்து, அப்பாற் சூலூர்ப்பேட்டைக்கு ஏகும். இவ்விரு பாதைகளின் ஓரமாகவே நம் மாநிலத்து இயந்திரத் தொழிலின் வரலாற்றைப் படித்துவிடலாம். 1948-ஆம் ஆண்டில் அசோக் மோட்டார்ஸ் எனத் தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் கொண்ட நிறுவனம் எண்ணூரிற் பாரவண்டிகளை இயற்றியது. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையினின்று விஜயந்தா என்னும் முதற் போர்த்தாங்கி 1965-இல் வெளிப்போந்தது. 1998-இல் திருவள்ளூரை அடுத்த ஆலையில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் ஜப்பானிய மிட்சுபிஷி நிறுவனத்தின் துணையோடு லான்சர் என்னும் காரைச் செய்தனர். 1971-இல் அரசு நிறுவிய சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பேட்டை கும்மிடிப்பூண்டியில் உளது. வார்ப்படச் சாலைகளும், உருக்கை உருட்டும் ஆலைகளும், இயந்திர உறுப்புக்களைக் கடையும் பட்டறைகளும் அங்கே நெருங்கிக் கிடக்கின்றன. இனி, கவரைப்பேட்டைப் பக்கத்தும் ஆவடிப் பக்கத்தும் திருவள்ளூர்ப் பக்கத்தும் பொறியியற் கல்லூரிகளும் பல எழுந்துள்ளன. ஒரே புகைவண்டியில் விடியற்காலத்தே தொழிலாளரும் மாணவரும் தோளோடு தோள் இடித்து நிற்கின்றனர். ஒருவர் பையிற் சோற்றுப் பாத்திரம். மற்றவர் பையில் மடிக்கணினி. இருவரும் ஒரே பொறியைத் தேடியே செல்கின்றனர். ஆனால் இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

என் பெரியப்பா கும்மிடிப்பூண்டியில் ஒரு சிறு பட்டறையில் இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கடைசல் வேலை செய்பவர். பள்ளியிறுதி வகுப்பைக் கடந்தவரல்லர். அவர் மகன், எனக்கு அண்ணன், பட்டறைக்குச் சில கல் தொலைவில் உள்ள ஒரு கல்லூரியில் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு பயில்கின்றார். தந்தையார் மிகைநேர வேலை செய்து ஈட்டிய பணமே மகனுடைய கல்லூரிக் கட்டணம். அண்ணன் இறுதியாண்டுத் திட்டமாக, ஒரு சதுரத் துண்டினைத் துளையிடும்போது அஃது அசையாதவாறு பற்றிக்கொள்ளும் கருவியை வரைந்திருந்தார். பிக்சர் என்று பட்டறையில் வழங்கப்படுவது அது. கணினியில் வரைந்த அப்படம் எப்பக்கம் திருப்பினும் ஒளிவீசியது. வீட்டார் அனைவரும் வியந்து நோக்கினர். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார், பின்னர், சதுரத் துண்டு அமர்வதற்கென இரும்புக்கட்டையிற் குடையப்பட்ட பள்ளத்தின் உள்மூலை ஒன்றிற் சுட்டுவிரலை வைத்து, "தம்பி, இந்த மூலையை எந்தக் கட்டர் போய் வெட்டும்?" என்றார்.

அண்ணன் விடை கூறவில்லை. வினா அவருக்கு முதலில் விளங்கவேயில்லை. "கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டதே, அப்பா" என்றார். பெரியப்பா மேலும் விளக்க முயன்றார்; அவர் பட்டறைச் சொல்லாற் கூறியது அண்ணனுக்கு எட்டவில்லை; அண்ணன் பாடநூற் சொல்லாற் கூறியது பெரியப்பாவுக்கு எட்டவில்லை. இருவர் முகத்தும் வருத்தம் தோன்றிற்று. "நமக்கென்ன தெரியும், படிச்சவங்க நீங்க" என்று கூறிப் பெரியப்பா எழுந்து போயினார். அவ்வொரு சொல் எனக்கு அன்றிரவு உறக்கத்தைக் கெடுத்தது.

இயந்திரம் அறியாத வாசகர்க்காக அவ்வினாவின் பொருளை ஈண்டு விளக்குதும். மில்லிங் இயந்திரத்தில் இரும்பைக் குடையும் கருவி உருண்டை வடிவானது, சுழன்றே வெட்டுவது. பத்து மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கருவி ஒரு பள்ளத்தின் உள்மூலைக்குச் சென்றால், அங்கே ஐந்து மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவை விட்டே மீளும். கூரிய சதுர மூலையை அது வெட்டவே மாட்டாது. கணினித் திரையிலோ இரண்டு கோடுகள் சந்தித்தால் மூலை ஆயிற்று. அங்கே கருவியும் இல்லை, இரும்பும் இல்லை. மறுநாட் காலையிற் பெரியப்பாவே ஒரு சிகரெட்டுப் பெட்டி அட்டையில் வரைந்து வழியும் காட்டினார்: நான்கு மூலைகளிலும் முதலில் ஒவ்வொரு சிறு துளை இட்டுவிட்டுப் பின்னர்ப் பள்ளத்தைக் குடைந்தால், சதுரத் துண்டின் மூலைகள் அத்துளைகளுட் சென்று ஒடுங்கும், துண்டும் தட்டாது அமரும். மேலும், படத்தில் எல்லா அளவுகளுக்கும் மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்குக்கு மேற் பிழை கூடாது என்று அண்ணன் குறித்திருந்தார். அது மயிரிழையினும் பன்மடங்கு நுண்ணிய அளவு. இரண்டு துளைகளுக்கு மட்டுமே அத்துணை நுட்பம் வேண்டும் என்றும், ஏனையவற்றிற்கு அதனைக் கேட்டால் வேலை நேரமும் கூலியும் பன்மடங்கு உயரும் என்றும் பெரியப்பா உணர்த்தினார். வடிவமைத்தல் என்பது எதில் நுட்பம் வேண்டும் என்று அறிவதோடு, எதில் வேண்டா என்று அறிவதும் ஆகும் என்பதை யான் அன்று கற்றேன்.

கதை இவ்வளவில் முடியுமாயின், கையறிவே போதும், நூலறிவு வேண்டா என்று கூறிவிடலாம். அவ்வாறு கூறுவாரும் நம்மிடை உளர். அற்றன்று. அன்று மாலையே அதன் மறுபக்கத்தையும் கண்டேன். பெரியப்பாவின் பட்டறையிற் கடைந்து கொடுத்த தண்டுகள் சில, ஓடிக்கொண்டிருக்கும்போதே முறிந்து திரும்பி வந்திருந்தன. அத்தண்டு ஒருபுறம் பருத்து மறுபுறம் சிறுத்தது. பருமன் மாறும் படியிலேதான் ஒவ்வொன்றும் முறிந்திருந்தது. எஃகு மட்டமானது என்று பெரியப்பா எண்ணியிருந்தார். முறிந்த துண்டினை வாங்கிப் பார்த்த அண்ணன், படியின் மூலை கூரிய செங்கோணமாக இருத்தலைச் சுட்டினார். பருமன் திடீரென மாறும் இடத்தில் தகைவு ஒருங்கு குவியும். அகன்ற தகட்டினை இழுக்கும்போது, அதில் ஒரு சிறு வட்டத் துளை இருப்பினும் அத்துளையின் ஓரத்தே தகைவு மும்மடங்காகும். கூரிய மூலையில் அஃது இன்னும் மிகும். தண்டு சுழலுந்தோறும் அவ்விடம் மாறிமாறி இழுபட்டு நெரிபட்டு, கண்ணுக்குப் புலப்படாத பிளவு ஒன்று பிறந்து வளர்ந்து இறுதியில் முறியும். இவற்றை அண்ணன் தட்டுத்தடுமாறித் தமிழிற் கூறினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தே அமெரிக்கர் விரைந்து கட்டிய லிபர்ட்டிக் கப்பல்களிற் சிலவற்றின் மேற்றளத்துச் சதுர வாயில்களின் மூலையிலிருந்தே பிளவு தொடங்கியது என்பதையும் எடுத்துரைத்தார். பெரியப்பா சற்றே எண்ணி, "அப்படியானால் டூலின் முனையை உருட்டித் தீட்டிவிட்டால் மூலை தானே வளைந்து வரும்" என்றார். ஆம், அதுவே மருந்து.

அன்பர்கள் ஒன்றை நோக்குக. முதல்நாள் தந்தையார் காட்டியதும் மூலை. மறுநாள் மகனார் காட்டியதும் மூலை. கூரிய உள்மூலையைக் கருவி வெட்டாது என்பது கையறிவு. கூரிய உள்மூலையில் இரும்பு முறியும் என்பது நூலறிவு. ஒரு மூலையின் இருபுறத்தும் இருவர் நின்றனர். தகைவுக் குவிவைப் பற்றிய பாடத்தில் அண்ணன் நல்ல மதிப்பெண் பெற்றவர். ஆயினும் தாம் வரைந்த பள்ளத்தின் மூலையும் அப்பாடத்தைச் சேர்ந்ததே என்று அவர் நினைத்ததில்லை. அப்பாடம் அவருக்கு விடைத்தாளில் இருந்ததன்றி, விரலில் இல்லை. அதுபோலவே, இருபத்தெட்டு ஆண்டுகள் இரும்பைத் தொட்ட விரலுக்கு, தண்டு ஏன் முறிகின்றது என்று கூற ஒருவரும் வந்ததில்லை. குற்றம் இருவர் மேலும் இல்லை. இருவரையும் பிரித்துவைத்த முறையின் மேலதே குற்றம்.

அம்முறை யாது? பொறியியல் மாணவர்க்கு முதலாண்டில் வரைவியலும் பட்டறைப் பயிற்சியும் உண்டு. இரும்புத் தகட்டை அராவி இரண்டு துண்டுகளைப் பொருத்திக் காட்டுவர், தகரத்தால் ஒரு தட்டுச் செய்வர், மதிப்பெண் பெறுவர். அதன்பின் அரத்தைத் தொடுவோர் மிகச் சிலர். இயந்திர உறுப்புக்களை வடிவமைக்கும் பாடம் வரும்போது, கோயமுத்தூர் பி. எஸ். ஜி. தொழில்நுட்பக் கல்லூரியார் தொகுத்த தரவு நூலைத் தேர்வு மண்டபத்துட் கொண்டுசென்று, அட்டவணையினின்று எண்களை எடுத்துக் கணக்கிடுவர். அந்நூல் நாடெங்கும் மாணவர்க்கு உறுதுணையாக நிற்பது. ஆயின் அவ்வெண்ணுக்குரிய இரும்பு எங்கே இருக்கின்றது என்று காணாதவர்க்கு, அது வெறும் எண்ணாகவே நின்றுவிடும். தொழிலகப் பார்வை என்று ஒருநாள் பேருந்திற் சென்று, கையைப் பின்னாற் கட்டிக்கொண்டு நடந்து, படம் எடுத்துக்கொண்டு மீள்வர். இறுதியாண்டுத் திட்டத்தையும் புறத்தே விலைக்கு வாங்கிக் கொடுப்போர் உளர் என்பது மாணவர் அறிந்த இரகசியம்.

பழைய வரலாறு இதற்கு மாறானது. பன்னிரண்டாம் வயதில் ஆங்கில நாட்டு ஊல்விச் படைக்கலச் சாலையில் வேலைக்குச் சேர்ந்த ஹென்றி மாட்ஸ்லே என்பவரே, 1800-ஐ ஒட்டி, மரையைத் திருத்தமாக வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மை செய்தார். அவர் பட்டறையிற் பணியாற்றிய ஜோசப் விட்வர்த்து 1841-இல் மரைகளுக்கெல்லாம் ஒரே அளவுமுறையை வகுத்தார். நம் நாட்டில், கோயமுத்தூரில் வாழ்ந்த ஜி. டி. நாயுடு (1893–1974) பள்ளிக்கல்வி மிகுதியும் பெறாதவர்; உணவுச்சாலையில் வேலை செய்து பொருள் சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதனைக் கழற்றிப் பூட்டிக் கற்றார். 1945-இல் அவர் தொழிற்கல்வி நிலையம் தோன்றக் காரணராக இருந்து அதன் முதல்வரும் ஆயினார். நான்காண்டுப் படிப்பு மாணவர் காலத்தை வீணாக்குவது, இரண்டாண்டே சாலும் என்று அரசினரோடு வழக்கிட்டு, அவர்கள் இசையாமையாற் பதவி துறந்தார். இரண்டாண்டு போதும் என்னும் அவர் கூற்றை யான் முற்றும் உடன்படேன். தண்டு முறிந்த காரணத்தைக் கூறுதற்கு நூற்பயிற்சி வேண்டும் அன்றோ? ஆயினும் கழற்றிப் பூட்டிய கையே கற்கும் கை என்பதில் அவரோடு மாறுபடுவார் யார்?

கையும் நூலும் பிரிந்தது ஒரு பிரிவு. நிற்க, மொழியாற் பிரிந்தது மற்றொரு பிரிவு. பெரியப்பாவின் வாய்ச்சொற்களை அவ்விடுமுறையில் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவந்தேன். தண்டுக்கும் துளைக்கும் இடையேயுள்ள இடைவெளியை அவர் ஆட்டம் என்கின்றார். வெட்டிய ஓரத்தில் எழும் முள்ளினைப் பிசிறு என்கின்றார். செங்கோணம் பார்க்கும் கருவி அவருக்கு மூலைமட்டம். திருகில் ஓடும் பள்ளம் மரை. எஃகின் கடுமையும் நெகிழ்ச்சியும் பதம். வண்டிச்சக்கரம் சுழலும் அச்சினை இருசு என்று நம் உழவர் கூறுவதையும் அவர் அறிவார். இவற்றோடு சக், டூல், கட்டர், ஜாப் என்னும் ஆங்கிலச் சொற்களையும் தயக்கமின்றிக் கலந்தே பேசுகின்றார். கடைதற்கு எடுத்த இரும்புத் துண்டே அவருக்கு ஜாப். அண்ணனோ இவற்றுக்கெல்லாம் ஆங்கிலச் சொல் அறிவார். ஆட்டம் என்பதும் தம் நூலிற் கற்றதும் ஒன்றே என்று அவருக்கு யான் கூறியபோது வியந்தார். மூன்றரை ஆண்டு பயின்ற ஒரு கலையின் பெயர்களைத் தம் வீட்டுக் கூடத்திலேயே முதன்முறை கேட்டார்!

தமிழிற் பொறியியல் கற்பிக்கும் முயற்சிகள் நிகழாமல் இல்லை. 1916-இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குதற்கென ஒரு கழகம் கண்டனர். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிற் கற்பிக்கத் தொடங்கிற்று. தமிழ்வழிக் கற்றோர்க்கு அரசுப் பணியில் நூற்றுக்கு இருபது இடம் ஒதுக்கும் சட்டமும் அவ்வாண்டிலேயே எழுந்தது. 2021-இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிற் பொறியியல் கற்பிக்க இசைவளித்தது. ஆயினும் 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில், உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் தமிழ்வழிப் பிரிவுகள் நிறுத்தப்படும் என்று அண்ணா பல்கலைக்கழகம் அறிவித்து, எதிர்ப்பெழவே அவ்வறிவிப்பை மீட்டுக்கொண்டது. சேர்வோர் குறைவு என்பதே காரணமாகக் கூறப்பட்டது. சேர்வோர் ஏன் குறைந்தனர்? தமிழ்வழிப் பட்டம் தனியார் ஆலைகளில் விலைபோகாது என்னும் அச்சமே காரணம் என்று தோன்றுகின்றது. அவ்வச்சத்தை யான் இகழேன். கடன்பட்டுக் கட்டணம் செலுத்தும் வீட்டார்க்கு அவ்வச்சம் இயல்பே.

ஆதலின் ஆங்கிலத்தை அகற்றுக என்று யான் கூறவில்லை. உலகத்து நூல்களும், பிறநாட்டு நிறுவனங்களின் வரைபடங்களும் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றைக் கல்லாதவன் பின்தங்குவான். யான் கூறுவது பிறிது. ஆங்கிலத்திற் கற்பவனும், தான் கற்றதைத் தமிழிற் சொல்ல வல்லனாதல் வேண்டும். சொல்ல இயலாதது முற்றும் அறியப்பட்டதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் மருத்துவரை ஈண்டு நினைத்தல் தகும். 1847-இல் அங்குப் போந்த அவர், மாணவர்க்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கி, பின்னர்த் தமிழிலேயே கற்பித்து, உடற்கூறு முதலிய நூல்களைத் தமிழிற் பெயர்த்து, 1873-இல் தாய்நாடு திரும்பினார். ஆங்கிலம் பிறப்புமொழியாகவுடைய ஒருவர் தமிழிற் கற்பிக்க முனைந்தது எற்றுக்கு? நோயாளியோடு பேசவேண்டியவன் மருத்துவன். அங்ஙனமே, கடைசற்காரரோடு பேசவேண்டியவன் வடிவமைப்போன்.

"கும்மிடிப்பூண்டிப் பட்டறைகளில் இன்று பீகாரினின்றும் ஒடிசாவினின்றும் வந்தோர் பலர் உழைக்கின்றனரே, அவர்க்குத் தமிழால் என்ன பயன்?" என்று ஒருவர் வினவலாம். நல்ல வினா. புகாரில் அரசனுக்குரிய மண்டபம் ஒன்றைச் சமைத்தபோது மகத நாட்டாரும், மராட்டரும், அவந்தியாரும், யவனரும் தமிழ்நாட்டு வினைஞரோடு கூடிப் பணிசெய்தனர் என்று மணிமேகலை கூறுகின்றது. அவர்கள் எம்மொழியிற் பேசிக்கொண்டனரோ அறியோம். ஒருவர் வேலையை ஒருவர் பார்த்துக் கற்றிருத்தல் வேண்டும் என்பது மட்டும் உறுதி. வரைபடமே அத்தகையோர்க்குப் பொதுமொழி. ஆனால் வரைபடத்தைப் படிக்கும் அறிவு ஒவ்வொருவர்க்கும் தத்தம் தாய்மொழி வாயிலாகவே உள்ளத்துட் புகுகின்றது. தமிழ் மாணவன் தமிழில் விளங்கிக்கொண்டவற்றைப் பீகாரத் தோழர்க்குச் சைகையாலும் காட்டிவிடுவான். தானே விளங்கிக்கொள்ளாதவன் எம்மொழியிலும் காட்டமாட்டான்.

"இனி எல்லாம் கணினியே செய்யும், கையறிவு எதற்கு?" என்பார்க்கும் ஒரு சொல். இன்று எண்களால் ஏவப்படும் இயந்திரங்கள் கும்மிடிப்பூண்டியிலும் ஓடுகின்றன. ஆனால் அவ்வியந்திரத்தின் கட்டரும் உருண்டையே! இரும்பின் இயல்பு மாறவில்லை. ஏவுகின்ற கை மட்டுமே மாறியது. வார்ப்பு இரும்பு உறையும்போது மீட்டருக்கு ஏறக்குறைய பத்து மில்லிமீட்டர் சுருங்கும். உருக்கு ஏறக்குறைய இருபது மில்லிமீட்டர் சுருங்கும். அதற்கேற்ப அச்சினைப் பெரிதாக்காவிடின், வார்ப்படம் அளவிற் குறைந்தே வரும். இதனைக் கணினியில் இடவேண்டியவனும் மனிதனே. இடவேண்டும் என்று அவன் அறிதல் எவ்வாறு, வார்ப்படச் சாலையின் வெம்மையை ஒருமுறையேனும் முகத்தில் ஏற்காவிடின்?

ஆதலின் நான்கு வேண்டுகோள்களை அறிஞர் முன் வைக்கின்றேன். முதலாவது, இயந்திரப் பொறியியல் மாணவர் ஒவ்வொருவரும் முதலாண்டுக் கோடை விடுமுறையில் ஆறு கிழமையேனும் ஒரு பட்டறையில் உண்மையான வேலை பழகுதல் வேண்டும். 1961-ஆம் ஆண்டுத் தொழிற் பழகுநர் சட்டம் 1973-இற் பட்டதாரிகளையும் உட்கொண்டது; ஆனால் அது பட்டத்திற்குப் பின் வருவது. மூலையைக் கற்கவேண்டியது படம் வரைவதற்கு முன்னர் அன்றோ? இரண்டாவது, 2022-இற் பல்கலைக்கழக மானியக் குழு, பட்டமில்லாத் தொழில் வல்லுநரையும் பேராசிரியராக அமர்த்த வழி வகுத்துள்ளது. அவ்வழி பெரிய நிறுவனத்து மேலாளர்க்கு மட்டும் திறந்திராது, முப்பது ஆண்டு கடைசல் பிடித்த கைக்கும் திறக்கப்படுக. தச்சுப்பட்டறையில் வளர்ந்த ஆண்டவரைத் தொழுவோர் நடத்தும் கல்லூரிகளேனும் இதில் முற்படுதல் பொருந்தும். மூன்றாவது, வடிவமைப்புப் பாடத்தின் வாய்மொழித் தேர்வில் ஒரு பகுதி இவ்வாறு அமைக: மாணவன் தன் படத்தை ஒரு தொழிலாளர்க்குத் தமிழில் விளக்குக, அவர் கேட்கும் வினாக்களுக்கு விடை கூறுக, மதிப்பெண்ணில் அவர்க்கும் பங்கு இருக்கட்டும்.

நான்காவது வேண்டுகோள் என்னையொத்த தமிழ் மாணவர்க்கு. கலைச்சொற்களை நாம் அகராதியினின்றும் சங்க நூல்களினின்றும் மட்டும் தோண்டி எடுத்தல் போதாது. ஆட்டம், பிசிறு, பதம், மரை என்னும் சொற்கள் உயிரோடு உலவும் இடம் பட்டறை. அவற்றைப் பேசுவோர் முதியோராகி வருகின்றனர். அவர்களோடு அச்சொற்களும் மறைந்துவிடின், நாளை நாம் புதிதாய்ப் படைக்கும் சொற்களுக்கு வேர் இராது. விடுமுறைதோறும் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பட்டறையிலும் உலைக்களத்திலும் தச்சுக்கூடத்திலும் ஒரு குறிப்பேட்டோடு அமர்வோமாக. கலைச்சொல் ஆக்குவார்க்கு அதனினும் சிறந்த கருவூலம் வேறில்லை.

இக்கட்டுரையை எழுதி முடிக்கும் நாளில் அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. பிடிகருவி முடிந்துவிட்டதாம், பெரியப்பாவே ஞாயிற்றுக்கிழமைகளில் அதனைக் குடைந்து கொடுத்தாராம். நான்கு மூலைகளிலும் நான்கு சிறு துளைகள். எல்லா உள்வளைவுகளிலும் மழுங்கிய ஆரம். திட்ட அறிக்கையின் நன்றியுரையிற் பேராசிரியர் பெயர்க்கு அடுத்துத் தந்தையின் பெயரை எழுதியிருப்பதாகவும், அதனை அவரிடம் இன்னும் கூறவில்லை என்றும் அண்ணன் எழுதியிருந்தார். "படிச்சவங்க நீங்க" என்று கூறி எழுந்துபோன அம்முதியவர், அப்பக்கத்தைக் காணும் நாளில் யானும் உடனிருக்க விரும்புகின்றேன்.